வன்னியில் கிளினிக் திறக்கப் போகிறீர்களா? காணியில் தொடங்குங்கள்

தனியார் கிளினிக் திறக்க நினைப்பவர்கள் வழமையாகச் செய்வது இதுதான். ஒரு கடைத்தொகுதியில் இரண்டு அறை வாடகைக்கு எடுப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், கட்டிலும் மேசையும் இறக்குவார்கள், பெயர்ப்பலகைக்கு ஓடர் கொடுப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு பதிவுப் படிவம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். கொழும்பிலோ யாழ்ப்பாண நகரத்திலோ இந்த ஒழுங்கு ஒருவாறு சமாளிக்கும். வன்னியில் பெரும்பாலும் சமாளிக்காது, காணி காலை வாரிவிடும்.

வன்னிப் பெருநிலத்தில் ஏராளமான காணிகள் குடியேற்றத் திட்டக் காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி கொடுத்த அனுமதிப்பத்திரத்திலோ (பெர்மிட்) அளிப்பிலோ (கிராண்ட்) இருப்பவை. அந்தக் காணியின் உரித்து வைத்திருப்பவர் முத்திரையில் வாடகை ஒப்பந்தம் எழுதித் தந்தாலும், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தம் பிறகு செல்லாது போகலாம். குடியிருப்புக்கும் பயிர்ச்செய்கைக்கும் கொடுத்த காணியில் வியாபாரம் நடத்துவது அதற்கு மேல் இன்னொரு சிக்கல். ஆகவே கட்டடத்தைப் பார்க்க முதல் காணிக்காரரிடம் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். உறுதியா, அனுமதிப்பத்திரமா, அளிப்பா? அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது? அவர் உயிரோடு இருக்கிறாரா, பின்னுரித்து மாற்றியாயிற்றா? போருக்குப் பிறகு இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பல காணிகள் நிற்கின்றன. தகப்பன் பெயரில் பத்திரம் இருக்கும், தகப்பன் இருக்க மாட்டார், மகன் வாடகை வாங்குவார். 2024இல் தொடங்கிய ‘உறுமய’ திட்டத்தில் முழு உரித்து உறுதி கிடைத்த காணி என்றால் பாதிச் சோலி குறைவு. ஆனால் உறுதி கைக்கு வந்துவிட்டதா, விண்ணப்பத்தோடு நிற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்லை. பிரதேச செயலகப் பிரிவும் பிரதேச சபையின் எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தருமபுரத்தில் கிளினிக் என்றால் காணிக்கும் வியாபாரப் பெயர்ப் பதிவுக்கும் கண்டாவளைப் பிரதேச செயலகம். வியாபார உரிமமும் குப்பை அகற்றலும் கரைச்சிப் பிரதேச சபை. ஒட்டுசுட்டானிலும் இதே கதை. செயலகம் அங்கேயே இருக்கிறது, சபை புதுக்குடியிருப்பு. இரண்டு கந்தோரிலும் ஒரே முகவரியை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். “ஏ9 வீதி, பரந்தன்” என்று ஒரு பத்திரத்திலும் “கண்டி வீதி, பரந்தன்” என்று இன்னொரு பத்திரத்திலும் இருந்தால் பின்னால் வரும் ஒவ்வொரு மேசையிலும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

நிறுவனத்துக்கு ஒரு பதிவு, ஆளுக்கு ஒரு பதிவு

பலர் குழம்புவது இங்கேதான். வைத்தியருக்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு இருக்கிறது, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்தப் பதிவு ஆளுக்கு உரியது. அவர் இருந்து வைத்தியம் பார்க்கும் இடத்துக்கு வேறு பதிவு வேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டுமான சட்டம் இல்லை அது. முழுநேரக் கிளினிக், பின்னேரம் மட்டும் திறக்கும் பகுதிநேரக் கிளினிக், பற்சிகிச்சை நிலையம், இரத்தப் பரிசோதனைக் கூடம், முற்பதிவு செய்து வைத்தியரைப் பார்க்கும் சனல் நிலையம், தனியார் அம்புலன்ஸ் எல்லாம் அதற்குள் வரும். ஆஸ்பத்திரியில் கடமை முடித்து வந்து இரண்டு மணித்தியாலம் பார்க்கும் அரச வைத்தியருடைய அறையும் அப்படித்தான்.

விண்ணப்பம் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளரூடாகப் போகிறது. வடக்கு மாகாணத்துக்கு அந்த அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. பரிசோதனைக்கு ஆட்கள் வந்து பார்த்து, சிபாரிசு எழுதி, கோவை கொழும்பில் உள்ள தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவைக்குப் போகும், சான்றிதழ் அங்கிருந்து வரும். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கிலும் பிராந்தியப் பணிப்பாளர் அலுவலகங்கள் இருப்பதால், யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏற முதல் உங்கள் பிராந்திய அலுவலகத்தில் படிவத்தையும் இணைப்புகளையும் ஒருமுறை காட்டுவது நல்லது. குறைந்த கடதாசியோடு போகும் கோவை தானாகத் திரும்பி வராது, ஏதோ ஒரு மேசையில் கிடக்கும்.

சான்றிதழை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பலர் முதல் ஆண்டுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மூன்று வருடத்துக்கு முந்திய சான்றிதழ் சுவரில் தொங்குவது ஒன்றும் தொங்காததைவிட மோசம், பரிசோதகரின் கண் முதலில் போவது அங்கேதான். இடம் மாறினாலும் பழைய சான்றிதழ் உங்களோடு கூட வராது. அடுத்த கடைக்கே மாறினாலும் முகவரி வேறு.

இனி ஆட்கள். மேலைத்தேய வைத்தியர், பல் வைத்தியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் எல்லோருக்கும் மருத்துவ சபைப் பதிவு வேண்டும். வெளிநாட்டில் படித்து வந்தவர் சபையின் பரீட்சையில் சித்தியடைந்து, உள்ளகப் பயிற்சி ஒரு வருடம் முடித்து முழுப் பதிவு எடுத்திருக்க வேண்டும். தற்காலிகப் பதிவு உள்ளகப் பயிற்சிக்கு மட்டும் உரியது, அதைக் காட்டிக் கிளினிக் நடத்த முடியாது. ஆர்.எம்.பி, ஏ.எம்.பி என்று சனம் அழைக்கும் உதவி வைத்திய அலுவலர்களுக்குச் சபையில் தனிப் பதிவேடு. போர்க்காலத்தில் வன்னியின் பல வைத்தியசாலைகளைத் தாங்கியவர்களில் அவர்களும் உண்டு. அவர்களுடைய பலகையில் அவர்களுடைய தகைமையே இருக்க வேண்டும், சுருக்கி “டொக்டர்” என்று மட்டும் போட்டால் கேள்வி வரும். “விசேட வைத்திய நிபுணர்” என்று எழுதவும் ஒரு கடதாசி வேண்டும். பட்டப்பின் படிப்பு முடித்து நிபுணராகச் சான்று பெற்றவர் மட்டும் அதை எழுதலாம். சர்க்கரை நோய்க்கு மூன்று மாத டிப்ளோமா செய்தவர் சர்க்கரை நோய் நிபுணர் ஆகமாட்டார்.

தாதியருக்கு வேறு சட்டம், 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாதியர் சபைச் சட்டம். வன்னியில் உண்மையான ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது. பதிவுபெற்ற தாதி கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் சம்பளமும் கூட. அதனால் ஆறு மாதப் பயிற்சி முடித்த பிள்ளையை வெள்ளை உடுப்புப் போட்டு நிறுத்தி, ஊசி போடவும் சேலைன் ஏற்றவும் விடுகிறார்கள். அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, நிறுத்தியவரில்தான் பிழை. பதிவு எழுதுவது, இரத்த அழுத்தம் எடுப்பது, நோயாளியைக் கவனிப்பது என்று உதவியாளருக்கு எத்தனையோ வேலை உண்டு. ஊசியை வைத்தியரோ பதிவுபெற்ற தாதியோ போடட்டும்.

சித்த வைத்தியத்துக்கு வழி வேறு. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் ஆயுர்வேத மருத்துவ சபை சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்களைப் பதிகிறது. பட்டம் பெற்றவர்களோடு பரம்பரை வைத்தியர்களும், முறிவு நெறிவு, விசகடி போன்ற தனித்துறை வைத்தியர்களும் அதில் வருவார்கள். அந்தப் பதிவோடு அந்த முறையில் வைத்தியம் பார்க்கலாம். அதே மேசையில் அமொக்சிசிலின், டெக்சாமெதசோன் என்று மேலைத்தேய மருந்துகளும் இருந்தால் அது வேறு விசயம். மூட்டு வலிக்குக் கொடுக்கும் சூரணத்துக்குள் ஸ்டீரொய்ட் குளிசையை அரைத்துக் கலப்பது பழைய தந்திரம். வலி ஒரு வாரத்தில் போய்விடும், முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், திடீரென நிறுத்தினால் ஆள் விழுந்துவிடுவார். விசகடிக்கும் ஒரு சொல்: முத்திரைப் புடையன் தீண்டினவரை எந்தக் கிளினிக்கிலும், எந்த வைத்தியர் வீட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டாம். நஞ்சுமுறி மருந்தும், அந்த மருந்துக்கே ஒவ்வாமை வந்தால் காப்பாற்ற வசதியும் உள்ள அரச வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

மருந்து

வைத்தியர் தன்னுடைய நோயாளிக்குத் தன் கிளினிக்கில் மருந்து கொடுப்பது வேறு, பார்மசி நடத்துவது வேறு. யன்னலைத் திறந்து, வேறு வைத்தியர் எழுதிய துண்டுக்கும் மருந்து விற்கத் தொடங்கினால் பார்மசி உரிமம் வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அதைக் கொடுக்கிறது. களத்தில் வந்து பார்ப்பவர் பிராந்திய அலுவலகத்தோடு இணைந்த உணவு, மருந்துப் பரிசோதகர்.

பார்மசியில் முதல் பிசகு வாடகைச் சான்றிதழ். மருந்தாளருடைய சான்றிதழ் சுவரில் இருக்கும், ஆள் வேறு மாவட்டத்தில் இருப்பார். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு பெயரைக் கொடுத்திருப்பார். பரிசோதகர் வரும்போது “இப்பதான் சாப்பிடப் போனவர்” என்று சொல்வது எல்லாப் பரிசோதகருக்கும் தெரிந்த பதில். பிழையான மருந்து கொடுத்து ஆளுக்கு ஏதாவது நடந்தால் சிக்கப் போவது பெயர் கொடுத்த மருந்தாளரும் கடை முதலாளியும் சேர்ந்துதான்.

இரண்டாவது, அட்டவணை. பரசிற்றமோல் போன்றவை முதலாம் அட்டவணை. இரண்டாம் அட்டவணையின் ‘ஆ’ பகுதியில் உள்ளவற்றுக்கு வைத்தியரின் துண்டு கட்டாயம், நுண்ணுயிர் எதிரிகள் அதில்தான். மூன்றாம் அட்டவணை போதை தரும், மனநிலையை மாற்றும் மருந்துகள். அவற்றுக்குப் பூட்டுப்போட்ட அலுமாரியும், வந்தது, போனது, மிச்சம் என்று எழுதும் பதிவேடும் வேண்டும். மிச்சத்தில் பத்துக் குளிசை குறைந்தால் அது கணக்குப் பிழையாகத் தெரியாது, குற்றமாகத்தான் தெரியும்.

மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டி. இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெப்பமானியை உள்ளே வைத்து, காலையும் பின்னேரமும் பார்த்து எழுதுங்கள். கதவுத் தட்டில் மருந்து வைக்காதீர்கள், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே வெப்பம் ஏறும். பின்சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள், இன்சுலின் உறைந்தால் பிறகு உருகினாலும் பயனில்லை. மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காமல் விடுங்கள். கீழ்த் தட்டில் தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கி வைத்தால் குளிர் கொஞ்ச நேரம் கூடத் தாங்கும். வெயிலுக்குத் தகரக் கூரையின் கீழ் அறை 30 பாகையைத் தாண்டும், அதனால் மற்ற மருந்துகளுக்கும் ஏசியோ நல்ல உட்கூரையோ இல்லாமல் சரிவராது.

பரிசோதனைக்கு வருபவர்கள் பார்ப்பது

அறையின் அளவு, வெளிச்சம், கை கழுவும் இடம், மலசலகூடம், கழுவக்கூடிய தரை, நோயாளியை மறைக்கத் திரை எல்லாம் பார்ப்பார்கள். இவை செலவு செய்தால் வந்துவிடும். தடுமாற்றம் வருவது வேறு மூன்றில்: கருவிகளைக் கிருமி நீக்குவது, கழிவு, அவசர மருந்து.

தையலும் சீழ்க்கட்டி வெட்டும் நடக்கும் கிளினிக்கில் கொதிதண்ணீரில் போட்டு எடுப்பது கிருமி நீக்கம் ஆகாது. கொதிநீரில் கிருமி வித்துக்கள் சாகாது, ஏற்புவலிக் கிருமியின் வித்து உட்பட. ஆட்டோகிளேவ் வேண்டும். 121 பாகையில், 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், வெப்பம் ஏறிய பிறகு குறைந்தது 15 நிமிடம், துணியில் சுற்றிய பொதி என்றால் அரை மணித்தியாலம். பிரஷர் குக்கர் மாதிரியான சின்ன வகையில் எல்லாரும் விடும் பிழை ஒன்று உண்டு. மூடியதும் வால்வையும் அடைத்துவிடுவார்கள். உள்ளே காற்று சிக்கும். அழுத்தமானி 15 காட்டும், வெப்பம் 121ஐத் தொடாது. நீராவி சீராக ஐந்து நிமிடம் வெளியே வந்த பிறகே வால்வை மூட வேண்டும். பொதிகளை நெருக்கி அடுக்கினாலும் நடுவில் நீராவி போகாது. பொதியில் ஒட்டும் ஆட்டோகிளேவ் பட்டியில் கறுப்புக் கோடு வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள், வெளியே வெப்பம் பட்டது என்பதை மட்டும் அது காட்டும். எடுக்கும்போது பொதி ஈரமாக இருந்தால் அது கிருமி நீங்கிய பொதி இல்லை, திரும்ப வையுங்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அதை ஊற்றினால் சில மாதத்தில் சூடாக்கும் கம்பியில் வெள்ளையாகப் படிந்துவிடும். பற்றரிக்கு விற்கும் வடிதண்ணீர் மலிவு, அதை ஊற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் திகதி, நேரம், வெப்பம், அழுத்தம், கையொப்பம் என்று ஒரு சிஆர் கொப்பியில் கோடு போட்டு எழுதுங்கள். இந்தக் கொப்பி இருந்தால் பரிசோதனையின் பாதி நல்லபடி முடியும்.

கழிவுக்கு இலங்கையில் நிறம் உண்டு. தொற்றுக் கழிவு மஞ்சள், ஊசியும் பிளேட்டும் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டி, பொதுக் குப்பை கறுப்பு, உக்குவது பச்சை, கண்ணாடி சிவப்பு, கடதாசி நீலம், பிளாஸ்டிக் செம்மஞ்சள். சின்னக் கிளினிக்குக்கு முதல் மூன்றுமே முக்கியம். ஊசிக்கு மூடி திரும்பப் போடக் கூடாது, பல நேரம் ஊசி குத்துவது அப்போதுதான். பெட்டி முக்கால் நிரம்பியதும் மூடிவிடுங்கள், அமத்தித் திணிக்காதீர்கள். குத்திவிட்டால் சவர்க்காரத்தால் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது.

நிரம்பிய பெட்டியை என்ன செய்வது? இதற்குப் பதில் இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் தடக்கி நிற்கின்றன. பிரதேச சபை உழவு இயந்திரத்தில் மஞ்சள் பை ஏற்றாது, ஏற்றவும் கூடாது. பின்வளவில் குழிதோண்டிப் புதைப்பதும் சரியில்லை, நிலத்தடி நீரைக் குடிக்கும் ஊர் இது, பக்கத்து வளவிலும் கிணறு இருக்கும். தொற்றுக் கழிவு உண்டாகும் இடத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போதே கழிவை யார் எடுப்பார், எங்கே எரியூட்டுவார் என்ற எழுத்துமூல ஒப்பந்தம் கேட்பார்கள். எரியூட்டி உள்ள வைத்தியசாலையோடோ அனுமதி பெற்ற நிறுவனத்தோடோ கட்டணத்துக்கு உடன்பாடு செய்து அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றப் படிவங்களைத் தொடங்குங்கள். எங்கள் வெயிலுக்குத் தொற்றுக் கழிவை ஒரு நாளுக்கு மேல் வெளியில் வைத்திருக்கவும் முடியாது. தூர இடத்துக்கு வாரம் ஒருமுறைதான் வண்டி வரும் என்றால் அதற்கென்று பூட்டுள்ள தனிக் குளிர்ப்பெட்டி வைக்க வேண்டிவரும், அந்தச் செலவையும் கணக்கில் எடுங்கள்.

அவசரத் தட்டில் அட்ரினலின் முதல் இடத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்ட நோயாளிக்கு ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் வளர்ந்தவருக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மில்லிலீற்றர் தொடைத் தசையில். ஒவ்வாமைக்குப் போடும் பிரிட்டன் (Piriton) ஊசியும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் அதற்குப் பிறகுதான். அவற்றைத் தேடிக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் ஆள் போய்விடுவார். ஒக்சிசன் சிலிண்டர் இருக்கும், திறக்கும் சாவி இருக்காது. சாவியைச் சிலிண்டரோடு சங்கிலியில் கட்டிவிடுங்கள்.

எக்ஸ்ரே வைக்கும் எண்ணம் இருந்தால், பல் எக்ஸ்ரே உட்பட, 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்கீழ் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் உரிமம் எடுத்துவிட்டு மெஷினை இறக்குங்கள். பழைய மெஷின் மலிவாக வந்தது என்று முதலில் வாங்கிவிட்டு, அறைச் சுவர் தடிப்புப் போதாது என்று பிறகு தெரிந்தால் இரட்டிப்புச் செலவு. ஸ்கானுக்கு, அதாவது அல்ட்ராசவுண்டுக்கு, இந்த உரிமம் தேவையில்லை.

தனியார் கிளினிக்குகள் அநேகமாக மறந்துவிடும் ஒரு கடமை உண்டு, அறிவித்தல். டெங்கு, எலிக்காய்ச்சல் போன்ற அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகம் வந்தாலே எச் 544 படிவத்தை அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இரத்த முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காலபோகத்தில் வயல் இறங்குகிற நேரம் எலிக்காய்ச்சல் வரும். கிளினிக்கில் காய்ச்சல் ஊசி போட்டு அனுப்பி, படிவம் போகாவிட்டால் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அந்த வயல்காரர்களுக்குத் தடுப்புக் குளிசை கொண்டுபோக மாட்டார், அவருக்குத் தெரியாதே.

நோயாளியாகப் போகிறவர்களுக்கு

வைத்தியரின் துண்டில் பெயரும் தகைமையும் மருத்துவ சபைப் பதிவு இலக்கமும் உள்ள முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சபையின் இணையத்தளத்தில் பெயராலும் இலக்கத்தாலும் தேடலாம், கைபேசியில் ஒரு நிமிட வேலை. பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், இலக்கமும் பொருந்த வேண்டும். கிளினிக் பதிவானதா என்று அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிராந்தியப் பணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

முறைப்பாடு என்றால் எதைப்பற்றி என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நிலையத்தைப் பற்றியது தனியார் சுகாதார சேவைகள் பேரவைக்கும் மாகாணப் பணிப்பாளருக்கும். வைத்தியரின் நடத்தை மருத்துவ சபைக்கு, அங்கே சத்தியக்கடதாசியாகக் கொடுக்க வேண்டும். மருந்தைப் பற்றியது உணவு, மருந்துப் பரிசோதகருக்கு. பதிவே இல்லாமல் வைத்தியம் பார்ப்பவரைப் பற்றியது பொலிசுக்கும் கூட. எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதி எல்லாருக்கும் அனுப்பினால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். மருத்துவத் துண்டு, பற்றுச்சீட்டு, மிச்சக் குளிசையும் அதன் உறையும், தொகுதி இலக்கம் தெரியும்படி, இவற்றை எறியாமல் வைத்திருங்கள். குளிசையைப் பிரித்து வெறும் கடதாசி உறையில் தந்திருந்தால், உறையில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி அங்கேயே கேளுங்கள்.